முதுகில் பெயர் எழுதிய பொம்மை

கல்லறைக்குள் வைக்க வேண்டிய பொம்மைகளை வண்டியிலிருந்து இறக்கும்போது முற்றத்தில் இருந்தவர்கள்: சணல் துணியும் வைக்கோல் கயிறும் கட்டிய மூத்த மகன் ஷென். ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி யின். சிவப்பு மைக் கிண்ணத்தோடு சடங்குக்காரர். சூளைக்கார ஹே. அவனுடைய மாடு. ஷென்னின் தங்கை ருவோ. கூடத்தில், அரக்குப் பூசிய பெட்டிக்குள், ஐந்து நாளாக அவர்களுடைய அப்பா கெங்.

ஹே வைக்கோலை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். மண் அடுப்பு வந்தது. மண் கிணறு, மண் களஞ்சியம், தொட்டியில் வாய் வைத்தபடி ஒரு மண் பன்றி. பிறகு ஆட்கள் வந்தார்கள். முழங்கை உயரம், பன்னிரண்டு பேர். ருவோ வாங்கி வாங்கிச் சுவர் ஓரமாக நிறுத்தினாள்.

"எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சியா இருக்கே" என்றாள் யின்.

"ஒரே அச்சு அக்கா. குதிரைக்காரனுக்கு மட்டும் மீசை வரைஞ்சு விட்டுருக்கேன்."

"சமையக்காரிக்கும்தான் மீசை இருக்கு."

ஹே எட்டிப் பார்த்தான். "அட, ஆமா. பரவால்ல, அங்க இருட்டுதானே."

ஷென் முறைத்தான். யின் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயிற்றைத் தடவினாள்.

கடைசியாக ஒன்று தனியாக வந்தது. வைக்கோலில் இல்லை, அப்பாவின் பழைய பஞ்சுச் சட்டையில் சுற்றியிருந்தது. மாதத்தின் தொடக்கத்திலிருந்து அந்தச் சட்டையை ருவோ தேடிக்கொண்டிருந்தாள். ஹே அதை யார் கையிலும் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு மாட்டின் கயிற்றைச் சரிசெய்யப் போனான். சரிசெய்ய அங்கே ஒன்றுமில்லை.

ருவோ சட்டையைப் பிரித்தாள்.

பொம்மை இரண்டு கைகளிலும் ஒரு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றது. தாடையின் இடது பக்கம் ஒரு தழும்பு. பதினாறு வயதில், வீட்டில் புளிக்கவைக்க அவரை விதை அவித்த கொப்பரை பொங்கித் தெறித்தபோது ருவோவுக்கு வந்த தழும்பு அதே இடத்தில், அதே நீளத்தில் இருந்தது. மேலுதடு கொஞ்சம் முன்னால் துருத்தியிருந்தது. வலது காது மடல் ஒட்டியும் இடது காது விலகியும் இருந்தன. அவளுடைய காதுகள் அப்படி என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கண்கள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வழவழப்பாக இரண்டு பள்ளங்கள்.

மாடு சாணி போட்டது.

"நான் செய்யல தங்கச்சி" என்றான் ஹே, மாட்டைப் பார்த்தபடியே. "பெரியவர் தன் கையாலயே செஞ்சார். மண்ணு பிசைஞ்சு கொண்டாந்து குடுத்தேன், வாங்கிட்டுப் போய்ச் சுட்டேன். அதோட சரி."

அப்பாவுக்குப் பார்வை போனபோது ருவோவுக்குப் பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு அவளுக்கு வந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அறுவடைக்குப் பிந்தைய ஒரு பிற்பகலில் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி முகத்தைத் தடவினார். நெற்றியிலிருந்து மெதுவாக இறங்கி, தழும்பில் நின்று, திரும்பவும் மேலே போனார். அந்த வீட்டில் யாரும் யாரையும் தடவுவதில்லை. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் தடவினார். அந்த வாரம் முழுக்க அவர் நகக்கண்களில் மண் இருந்தது. என்னவென்று கேட்டதற்குச் சுவர் உதிர்கிறது என்றார். மூங்கில் ஈர்க்கால் அதைக் குத்திக் குத்தி எடுத்து, வெந்நீரில் கழுவிவிட்டது அவள்தான்.

சடங்குக்காரர் பொம்மையைக் குப்புறக் கிடத்தினார். முதுகைத் தட்டையாக வழித்து விட்டிருந்தது, எழுதுவதற்காக. தூரிகையைச் சிவப்பு மையில் தோய்த்தார்.

"சொல்லுங்க, எழுதிடறேன்" என்றார் ஷென்னிடம்.

ஷென் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கெங் வீட்டுப் பிள்ளை. ருவோ. தந்தைக்குப் பணி செய்ய."

யோசித்துச் சொன்னதுபோல இல்லை. ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா அண்ணே?"

"அப்பா சொன்னார்."

"எப்ப?"

"எப்பவோ. அதுவா முக்கியம்?"

சடங்குக்காரர் எழுதி முடித்தார். மேலிருந்து கீழே ஒற்றை வரி. ஈர மண்ணைப் போல அல்ல, சுட்ட மண் மையைக் குடிக்க நேரம் எடுத்துக்கொண்டது.

பெயர் போட்ட பொம்மை குழிக்குள் போனால் என்ன ஆகும் என்று லோயாங்கில் எல்லோருக்கும் தெரியும், யாரும் உரக்கச் சொல்வதில்லை. தைஷான் மலைக்குக் கீழே செத்தவர்களின் பதிவேடு இருக்கிறது. அங்கே உள்ள அதிகாரிகள் இங்கே உள்ளவர்களைப் போலத்தான், பெயரைப் பார்ப்பார்கள், ஆளைக் கேட்பார்கள். வடக்குத் தெருவில் உப்பு வியாபாரி செத்தபோது சமையல்காரியின் பெயரை ஒரு பொம்மையில் எழுதி உள்ளே அனுப்பினார்கள். கல் தூக்கக்கூடிய பெண்பிள்ளை. நான்கு மாதம் இருமினாள். அவ்வளவுதான்.

"ஈய ஆள் ஒண்ணு வெக்கலாமே" என்றாள் ருவோ சடங்குக்காரரிடம். "ஜாடியில போட்டு, எனக்குப் பதிலா இவன்னு எழுதி வெப்பீங்கல்ல? பக்கத்து வீட்டுல வெச்சீங்களே."

"வெக்கலாம். ஈய ஆள் நல்லா வேலை செய்வான், தூங்க மாட்டான், திங்க மாட்டான். ஆனா குடும்பத் தலைவர் கேக்கணும். மனு அவர் பேர்லதான் போகணும்."

எல்லோரும் ஷென்னைப் பார்த்தார்கள். அவன் கால்விரலால் ஒரு வைக்கோலைத் தள்ளினான்.

"நாளைக்கு அடக்கத்துக்கு மாவட்ட அதிகாரி வரார்" என்றான்.

"அதுக்கு?"

"இந்த வருஷம் நம்ம வட்டாரத்துல பெத்தவங்ககிட்ட பக்தியா இருக்கறவன் ஒருத்தன் பேரை மேல அனுப்பப் போறாங்க. ஒருத்தன்தான். அனுப்பினா அரசாங்க உத்தியோகம். அப்பா கடைசியாக் கேட்டதுல மண்ணை அள்ளிப் போட்டு, பொண்ணுக்குப் பதிலா ஈயத்தை அனுப்பினான் கெங் ஷென்னு அவர் முன்னாடி நாலு பேர் சொல்லணுமா?"

"நான் செத்துட்டா?"

"சும்மா எதையாவது பேசாத. மண்ணு பொம்மை அது."

"மண்ணு பொம்மைன்னா உன் பேரைப் போட்டுக்க."

ஹே வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். யின் மட்டும், "ஏங்க, அவ கேக்கறதுல என்ன தப்பு?" என்றாள். ஷென் கூடத்துக்குள் போய் அப்பாவின் பெட்டி முன் நெற்றியைத் தரையில் வைத்து அழத் தொடங்கினான். அழுகை உண்மையானதுதான். அதில் ருவோவுக்குச் சந்தேகம் இல்லை.

அவளுக்கு இருபத்தேழு வயது. தெற்குச் சந்தையில் சேணம் தைக்கும் ஒருவன் இரண்டு முறை பெண் கேட்டு ஆள் அனுப்பினான். அழகன் இல்லை. பேச்சும் குறைவு. அவனுடைய கடையில் தோல் நாற்றம், இங்கே புளித்த அவரை நாற்றம், அந்த வகையில் ஒருவரை ஒருவர் குறை சொல்ல முடியாது. இரண்டு முறையும் அப்பா, "அவ போயிட்டா எனக்கு யார் இருக்கா?" என்றார். ஐந்து நாளுக்கு முன், விடிகாலையில், வெந்நீரோடு போனவள் அவர் வாய் திறந்திருப்பதைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சை வைத்தாள். பஞ்சு அசையவில்லை. கத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். துக்க காலம் எத்தனை மாதம், அது எப்போது முடியும் என்று மனசு எண்ணிக்கொண்டிருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை. இப்போது வெட்கம் வந்தது, அவர் அதை எதிர்பார்த்து முன்கூட்டியே வேலை செய்து வைத்திருந்தார் என்பதைப் பார்த்தபோது.

உடைத்துவிடலாம் என்று யின் காதோடு சொன்னாள். முடியாது. பெயர் எழுதியாகிவிட்டது, பொம்மையின் கையை உடைத்தால் ருவோவின் கை போகும்.

மறுநாள் மாங் மலையில் பனி இறங்கியிருந்தது. முன்னால் போன பாடைக்காரர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. மலை முழுக்கக் கல்லறை மேடுகள். பகலிலேயே அங்கே வண்டிக்காரர்கள் பாட்டை நிறுத்திவிடுவார்கள். ஒப்பாரிக்காரிகள் இரண்டு பேர் முறை வைத்து அழுதார்கள், ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள். மாவட்ட அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு குடையின் கீழ் நின்றார். ஷென் இரண்டு முறை மயங்கி விழுந்தான், இரண்டாவது முறை அதிகாரி நின்ற பக்கமாக.

பெட்டியைச் சரிவுப் பாதையில் இறக்கி உள்ளே வைத்தார்கள், பக்கத்தில் அப்பா ஊன்றி நடந்த கோலையும். பிறகு பொம்மைகள். கண் இல்லாத பொம்மையைத் தூக்க ஒரு வேலைக்காரன் குனிந்தபோது ருவோ அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, "பாத்தியா, இதுல்ல பொண்ணு" என்றாள். ஷென் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி தலையாட்டினார். தடுக்க அவனுக்கு வழியில்லாமல் போனது.

உள்ளே செங்கல் அறை. கூரை வளைந்து தாழ்ந்திருந்தது. ஒரே ஒரு அகல் எரிந்தது. அச்சில் வார்த்த பன்னிரண்டு முகங்களும் சுவர் ஓரமாக ஒரே சிரிப்பைச் சிரித்தன. வேலைக்காரர்கள் பன்றியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று கிசுகிசுத்துச் சண்டை போட்டுவிட்டு வெளியேறினார்கள். ருவோ தனியாக இருந்தாள். பெட்டியின் தலைமாட்டில் மண்டியிட்டுப் பொம்மையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டாள்.

இதைத்தான் அவள் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். பெயர் இல்லாவிட்டால் பதிவேடு யாரைக் கேட்கும்? எச்சிலைத் துப்பிச் சட்டைக் கையால் தேய்த்தாள். மையில் பசை கலந்திருந்தார்கள், சுலபமாகப் போகவில்லை. முழு வரியையும் அழிக்க நேரம் இல்லை. நடுவில் இருந்த பெயரை மட்டும் குறிவைத்துத் தேய்த்தாள். மடியில் அது கனத்தது. கொண்டுவரும்போது இவ்வளவு கனமில்லை. தேய்க்கத் தேய்க்க அவளுக்கே முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில், சூடாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். கடைசிக் கோடும் போனதும் எரிச்சல் நின்றது.

"ருவோ! என்ன பண்ற?" மேலே ஷென்னின் குரல்.

"வந்துட்டேன்."

பொம்மையைத் தலைமாட்டில் நிறுத்திவிட்டு எழுந்தாள். கால்கள் இலேசாக இருந்தன. சரிவில் ஏறும்போது சிரித்துவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேலே வந்து யின்னின் பக்கத்தில் நின்றாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. கீழே லோ ஆறு ஒரு கம்பியைப் போல மின்னியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் தெற்குச் சந்தை.

சடங்குக்காரர் கதவு அடைக்கும் முன் படிக்க வேண்டிய மூங்கில் சுருளை விரித்தார். பனங்காய் உருளுவது போன்ற குரல்.

"இறந்தவர் தைஷானுக்கு. இருப்பவர் லோயாங்குக்கு. அவரவர் வழி அவரவருக்கு. வறுத்த அவரை முளைத்தால் சந்திப்போம், அவித்த முட்டை பொரித்தால் சந்திப்போம். பெயர் உள்ளது பெயருக்கு உரியவரிடம் சேரட்டும். பெயர் அற்றது பெயர் அற்றதைத் தேடட்டும்..."

பக்கத்து வீட்டு அடக்கத்தில், அதற்கு முன் எத்தனையோ அடக்கங்களில், இதே வரிகளை ருவோ கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் பசி எடுத்துக்கொண்டிருக்கும், எப்போது முடியும் என்றிருக்கும்.

"ருவோ" என்றாள் யின், மெதுவாக.

"என்ன அண்ணி?"

"காலையிலேருந்து உதைச்சுக்கிட்டே இருந்துச்சு. மலை ஏறும்போது கூட. இப்ப நின்னுடுச்சு."

"தூங்குதோ என்னவோ."

"இல்ல. தூங்குனா வேற மாதிரி இருக்கும். இது..." யின் வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தினாள். உதடு வெளுத்திருந்தது. "இது யாரோ கூப்பிட, அதைக் காது குடுத்துக் கேக்கற மாதிரி இருக்கு."

கெங் வீட்டுப் பிள்ளை. தந்தைக்குப் பணி செய்ய. நடுவில் ஒன்றுமில்லை. கெங் வீட்டில் பெயர் வைக்காத பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கல்தச்சனின் ஆட்கள் கதவின் இடது பலகையைத் தள்ளத் தொடங்கியிருந்தார்கள். கல் கல்லின் மேல் உரசி நறநறத்தது.

ருவோ நின்றாள். திரும்பிப் போனதற்குக் காரணம் நல்ல மனசு என்று சொல்ல முடியாது. அவளுக்கு முதலில் வந்தது கோபம். அப்பாவின் மேல், அண்ணன் மேல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தன்னையே பார்க்கிற யின்னின் மேல், இன்னும் முகம்கூட இல்லாத அந்தப் பிள்ளையின் மேல். ஆற்றை ஒரு முறை பார்த்தாள். பிறகு சரிவில் இறங்கினாள்.

"ஏய், எங்க போற?" ஷென் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்பாவோட கோலை கைக்கு எட்டாம வெச்சுட்டேன். தேடுவார்."

அதிகாரி திரும்பவும் தலையாட்டினார். கல்தச்சன் கையை உயர்த்தினான், ஆட்கள் தள்ளுவதை நிறுத்தினார்கள்.

உள்ளே அகலின் சுடர் சிறுத்திருந்தது. பன்னிரண்டு பேரும் வைத்த இடத்தில் இருந்தார்கள். கண் இல்லாதது மட்டும் அவள் நிறுத்திய மாதிரி பெட்டியைப் பார்த்து நிற்கவில்லை. வாசலைப் பார்த்து நின்றது. தான்தான் அவசரத்தில் அப்படி வைத்தாளா என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. முதுகைத் தொட்டாள். அவள் துப்பிய எச்சில் இன்னும் காயவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

மை கிடையாது. துக்கக் கொண்டையில் செருகியிருந்த மூங்கில் ஊசியை உருவி ஆள்காட்டி விரலின் நுனியில் குத்தினாள். முதல் குத்தில் வரவில்லை. இரண்டாவது ஆழமாக இறங்கியது.

அப்பாவுக்குக் கண் போனபிறகு அவருக்கு வரும் கடிதங்களைப் படிக்க ஆள் வேண்டியிருந்தது, அதனால் அவளுக்கு எழுத்து வந்தது. அவள் பெயருக்கு ஒன்பது கோடுகள். அண்ணன் பெயருக்கு ஐந்து. ஐந்து சுலபம். கெங் வீட்டுப் பிள்ளை ஷென், தந்தைக்குப் பணி செய்ய. அழகாகவும் இருக்கும், அதிகாரியிடம் காட்டலாம். விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு மூச்சு நேரம் அதை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். விரலில் இரத்தம் திரண்டு, உருண்டு, மணிக்கட்டு வரை ஓடியது. ஷென் போய்விட்டால் யின்னுக்கு வெள்ளைத் துணி கட்டிவிடும் கைகள் யாருடையவையாக இருக்கும் என்றும் யோசித்தாள். அவளுடையவைதான்.

ஒன்பது கோடுகளையும் எழுதினாள். மையைக் குடிக்கத் தயங்கிய மண் இதை உடனே குடித்தது. ஒவ்வொரு கோடும் இழுத்த கையோடு உள்ளே இறங்கி, பழுப்பாகி, பல வருடம் முன்பே எழுதியதைப் போல ஆனது. ஒன்பதாவதை முடித்து விரலை எடுக்கப் போனபோது ஒரு கணம் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். வந்தது.

பொம்மையைப் பெட்டியைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கோலையும் எடுத்து அவர் கைப்பக்கமாகச் சாய்த்து வைத்தாள், சொன்ன சொல்லுக்காக. பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம் என்பதால், பார்க்காமல் நடந்தாள்.

கதவை நெருங்கும்போதே மேலே, "ஐயோ!" என்று யின்னின் குரல் கேட்டது. பயந்த குரல் இல்லை. அத்தனை துக்கக்காரர்களுக்கும் நடுவில், அதிகாரியின் முன்னால், யின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிய. "கடங்காரா, என்னமா உதைக்கிற!"

"வாயை மூடு" என்றான் ஷென்.

ஒப்பாரிக்காரிகளில் ஒருத்தி சமாளித்து உரக்க அழுதாள்.

ருவோ கதவைத் தாண்டி வெளியே வந்து விரலை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியாக வெளியே வருபவரைக் கேட்க வேண்டிய கேள்வியைக் கல்தச்சன் கேட்டான். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதைச் சொன்ன பிறகுதான் கதவை அடைக்கலாம்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

ருவோ விரலை வாயிலிருந்து எடுத்தாள். மேலே யின் அவளை வரச் சொல்லிக் கையசைத்தாள், வந்து தொட்டுப் பார் என்று.

கல்தச்சன் காத்திருந்தான். பிறகு கொஞ்சம் குரலை உயர்த்தி, "உங்களைத்தாம்மா. உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல" என்றாள் ருவோ.

ஆட்கள் தோளைக் கொடுத்தார்கள். இரண்டு கல் பலகைகளும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று சேர்ந்தன. கல்தச்சன் இரும்புத் தாழை இறக்கிப் பூட்டைப் போட்டான்.